கற்றதைக் கையோடு கொணர்ந்தவர்கள்

ஐகிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்பிக்கும் பள்ளிகளில், ஆசிரியரை அறிமுகப்படுத்தும் முறை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். இவர் இன்னாரிடம் பயின்றார். அந்த இன்னார் மற்றோர் இன்னாருடைய நேரடி மாணவர். அவரோ கலையை நிறுவிய உவேஷிபா மொரிஹெயின் இல்லத்தோடு தங்கிக் கற்றவர். பெயர்களை அடுத்துப் படிநிலைகளைக் குறிக்கும் எண்கள் வரும், ஆண்டுகள் வரும். மத்தேயு நற்செய்தியின் தலைமுறை அட்டவணை கோவிலில் வாசிக்கப்படும்போது நம் மக்கள் இருக்கையில் சற்றே நெளிவதுபோல, இந்தப் பட்டியலையும் பலர் பொறுமையின்றிக் கடந்துவிடுகின்றனர். நமக்கோ அதை நிறுத்தி வாசிப்பதில் ஒரு தனி விருப்பம். ஏனெனில் பட்டியல் சொல்லாமல் விடுகின்ற செய்தி ஒன்று உண்டு. அந்த ஆசிரியர் ஐகிடோவின் வாசலுக்கு வந்தபோது ஏற்கெனவே எதைக் கற்றிருந்தார்? அந்தப் பழைய கல்வியைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்தாரா, அல்லது உடன்கொண்டு உள்ளே நுழைந்தாரா?

இவ்வினாவை நிறுவனரிடமிருந்தே தொடங்குவோம். உவேஷிபா 1883ஆம் ஆண்டு தனாபே என்னும் கடற்கரை ஊரில் பிறந்தவர். இளமையில் தோக்கியோவில் சில காலம் பழைய ஜுஜுட்சு பள்ளி ஒன்றில் பயின்றார். ரஷ்ய-ஜப்பானியப் போரையொட்டிய படைப்பணிக் காலத்தில், சகாய் நகரில் யாக்யூ மரபைச் சேர்ந்த மற்றொரு பள்ளியில் கற்றுச் சான்றிதழும் பெற்றார். ஊர் திரும்பிய பின் ஜூடோவும் சிறிது பழகினார். 1912இல் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவுக்குக் குடியேறிகளின் குழுவொன்றை நடத்திச் சென்று, காடு திருத்தி வாழ்ந்த நாள்களில், 1915இல் எங்கரு என்னும் ஊரின் விடுதியொன்றில் தாகேதா சோகாகு என்பவரைச் சந்தித்தார். தாய்த்தோ மரபின் ஜுஜுட்சுவைக் கற்பித்துவந்த தாகேதாவிடம் அவர் கற்றவைதாம் இன்றைய ஐகிடோவின் பிடிகளுக்கும் வீழ்த்துமுறைகளுக்கும் பெரும்பகுதி அடித்தளம்.

தாகேதாவைப் பற்றி இங்கே சற்று நின்று பேசவேண்டும். 1859இல் பிறந்த இம்மனிதருக்கு நிலையான பள்ளிக்கூடம் எதுவும் கிடையாது. ஊர் ஊராகச் சென்று, சில நாள்கள் தங்கிக் கற்பித்து, அடுத்த ஊருக்குப் புறப்படுவார். தாமே எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்லப்படும் அவர், கற்றவர்களின் பெயர்களுக்கு ஓர் ஏடு, அவர்கள் செலுத்திய கட்டணத்திற்கு ஓர் ஏடு எனப் பதிவேடுகள் வைத்திருந்தார். மாணவர் தம் கைப்படப் பெயரெழுதி முத்திரையிட வேண்டும். பின்னாளில் யார் எங்கே எத்தனை நாள் கற்றனர் என்று ஆராய்ந்தவர்களுக்கு உறுதியான சான்றாய் அமைந்தவை அவ்வேடுகளே. உவேஷிபாவின் பெயரும் அவற்றில் உண்டு. 1922இல் அவருக்குக் கற்பிக்கும் உரிமைச் சான்று வழங்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. திருமுழுக்குப் பதிவேடுகளோடு காலம் தள்ளும் நம்மைப் போன்றோருக்கு, ஒரு முரட்டு வாள்வீரர் ஏட்டின்மீது வைத்த இந்த நம்பிக்கை மிகவும் பிடித்துப்போவதில் வியப்பில்லை. தாகேதாவும் வெறுங்கையராய்த் தொடங்கியவர் அல்லர். ஓனோ மரபின் வாட்பயிற்சி அவருக்கு இளமையிலேயே கைவந்திருந்தது. கையைப் பிடித்துத் திருப்பும் அவருடைய நுட்பங்களில் வாளை வெட்டி இறக்கும் அசைவு ஒளிந்திருப்பதாகப் பயின்றவர்கள் கூறுவர். ஆக, மூலவருக்கும் ஒரு முன்கல்வி இருந்தது.

1919ஆம் ஆண்டின் இறுதியில், தந்தை நோயுற்ற செய்தி கேட்டு ஹொக்கைடோவை விட்டுப் புறப்பட்ட உவேஷிபா, வழியில் அயபே நகரில் ஓமோதோ என்னும் புதிய சமயத்தின் தலைவரான தெகுச்சி ஒனிசபுரோவைக் கண்டார். பின்னர் குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார். அவருடைய கலை தன் சொந்த மொழியைப் பெற்றது அதன் பிறகே. வீழ்த்துவது, வெல்வது என்ற பேச்சு படிப்படியாகக் குறைந்து, இணக்கம், அண்டத்தோடு ஒன்றுதல் என்ற பேச்சு கூடிற்று. ஆயினும் அவரிடம் பயின்ற பலர், ஆசிரியருடைய சமயச் சொற்பொழிவுகள் தமக்கு விளங்கவேயில்லை என்று பின்னாளில் வெளிப்படையாகக் கூறியுள்ளனர். அவர்கள் அவருடைய கைகளைக் கற்றனர். சொற்களைத் தலைவணங்கிக் கேட்டுக்கொண்டனர். இந்தக் கலை ஒரு சமயமா என்று நம் இறைமக்களுள் சிலர் ஐயத்தோடு வினவுவதுண்டு. முதல் தலைமுறை மாணவர்களே அதைச் சமயமாகப் பெற்றுக்கொள்ளவில்லை என்பதே வரலாறு தரும் விடை.

1931இல் தோக்கியோவின் வாகமாட்சுப் பகுதியில் எண்பது பாய்கள் விரிந்த கோபுகான் பள்ளி திறக்கப்பட்டது. பயிற்சியின் கடுமையால் அதற்கு 'நரகப் பள்ளி' என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. இன்று உலக ஐகிடோவின் தலைமைப் பள்ளி நிற்பதும் அதே இடத்தில்தான். அங்கு வந்து சேர்ந்தவர்களுள் பலர் பச்சை மண் அல்லர். வேறு சூளையில் ஏற்கெனவே சுடப்பட்ட கலங்கள்.

மொச்சிசுகி மினோரு என்பவரைப் பாருங்கள். ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ 1930இல் உவேஷிபாவின் பயிற்சியை நேரில் கண்டு வியந்து, தம் கோதோகான் பள்ளியிலிருந்து மாணவர்களை அவரிடம் கற்க அனுப்பினார். அப்படி அனுப்பப்பட்டவருள் ஒருவர் மொச்சிசுகி. ஜூடோவில் தேர்ந்தவர், கதோரி மரபின் வாட்கலையையும் பயின்றவர். தம் பள்ளியைவிட்டு ஓடிவந்தவர் அல்லர். தம் ஆசிரியராலேயே மற்றோர் ஆசிரியரிடம் அனுப்பப்பட்டவர். ஒரு நிறுவனர், தம் கலைக்கு வெளியே மேன்மை ஒன்றைக் கண்டு, பொறாமையின்றித் தம் சிறந்த இளைஞரை அங்கே அனுப்புவது எத்துணை அரிய செயல்! கானோவின் ஜூடோவைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு செயலுக்காகவே அவரை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

தொமிகி கெஞ்சியும் கானோவின் ஜூடோவிலிருந்து வந்தவர். 1920களின் நடுவிலேயே உவேஷிபாவிடம் சேர்ந்தார். 1940இல் அவரிடமிருந்து எட்டாம் படிநிலையை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. பின்னர் மஞ்சூரியாவில் பல்கலைக்கழக ஆசிரியராயிருந்து, போரின் முடிவில் சோவியத் படைகளிடம் அகப்பட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தார். நாடு திரும்பி வசேதா பல்கலைக்கழகத்தில் கற்பித்தபோது, ஜூடோவிலிருந்து தாம் பெற்ற ஒரு நம்பிக்கையை அவரால் விட்டுவிட இயலவில்லை. எதிராளி உண்மையாகவே எதிர்க்கும்போது தாங்காத நுட்பம் நுட்பமே அன்று என்பது அது. எனவே ஐகிடோவில் போட்டியைப் புகுத்தினார். உவேஷிபாவோ போட்டியை அடியோடு மறுத்தவர். அவர் வழிவந்த தலைமைப் பள்ளியில் இன்றுவரை போட்டி கிடையாது. விளைவு பிரிவு. இரு தரப்பிலும் நேர்மை இருந்தது என்றே நாம் கருதுகிறோம். இசைய மனமில்லாதவனோடு இணக்கத்தைக் கற்க முடியுமா என்ற கேள்வியைத் தொமிகி எழுப்பினார். வெல்லத் துடிப்பவனால் இணக்கத்தைக் கற்க முடியுமா என்று மறுதரப்பு கேட்டது. இரண்டுக்கும் எம்மிடம் ஆயத்தமான விடை இல்லை.

ஷியோதா கோசோவின் கதை வேறு வகை. குழந்தை மருத்துவரான தந்தை, வீட்டிலேயே ஒரு பயிற்சிக்கூடம் அமைத்து மகனுக்கு ஜூடோ கற்பித்தார். பதினாறு வயதில், 1932இல், ஜூடோவில் மூன்றாம் படிநிலை பெற்ற செருக்கோடு கோபுகானுக்குள் நுழைந்து, இது ஏமாற்று வித்தை என்று எண்ணி உவேஷிபாவை உதைக்கப் பாய்ந்து, தாம் தூக்கி எறியப்பட்டதை அவரே எழுதியிருக்கிறார். அன்றே மாணவரானார். உயரம் குறைந்த இந்த மனிதர் 1955இல் தமக்கெனப் பள்ளி தொடங்கியபோது அதற்குச் சூட்டிய 'யோஷின்கான்' என்ற பெயர், தந்தை வீட்டில் நடத்திய அந்தக் கூடத்தின் பெயரே. எறியப்பட்டதால் அவர் தந்தையின் கூடத்தை மறந்துவிடவில்லை.

இவையெல்லாம் எமக்கு ஏன் இத்துணை நெருக்கமான செய்திகளாயின என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1990களின் இறுதியில் இறையியல் மேற்படிப்புக்காக நாம் உரோமை நகரில் இருந்தோம். எமது குருமடத்தில் பெற்ற கல்வி சிறிதன்று என்ற நினைப்போடுதான் சென்றோம். முதற்பருவத்திலேயே பேராசிரியர் ஒருவர் எம்மை அழைத்து, அங்கே கற்றதை முழுவதும் மறந்துவிட்டு எழுத்துக்கூட்டுவதிலிருந்து தொடங்குமாறு கூறினார். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை, இயல்பாக, நேரம் சொல்வதுபோலச் சொன்னார். மறப்பது என்றால் எதை? மொழியையா? எமக்குக் கற்பித்த முதியவர்களின் முகங்களையா? பல இரவுகள் அந்தச் சொல் நெஞ்சில் கிடந்து உறுத்திற்று.

அந்நாள்களில் உடன் பயின்ற இத்தாலிய நண்பர் ஒருவர், தாம் மாலை வேளைகளில் செல்லும் ஐகிடோ பள்ளிக்கு எம்மை அழைத்துச் சென்றார். நாம் பாயில் கால் வைத்ததில்லை; சுவரோரப் பலகையில் அமர்ந்து பார்ப்பதோடு சரி. ஆசிரியர் அறுபது வயதை நெருங்கிய இத்தாலியர். மற்றவர்கள் நிமிர்ந்து சுழன்றபோது அவருடைய இடுப்பு மட்டும் ஓர் அங்குலம் தாழ்ந்தே இருந்தது. அவர் இருபது ஆண்டுகள் ஜூடோ ஆடியவர்; அந்த இடுப்பு அங்கிருந்து வந்தது என்று நண்பர் காதில் சொன்னார். சுவரில் உவேஷிபாவின் நிழற்படம் இருந்தது. வகுப்பின் தொடக்கத்தில் எல்லாரும் மண்டியிட்டு அதை வணங்கினர். குருவாகப்போகும் நீங்கள் இதைச் செய்யலாமா என்று நண்பரிடம் கேட்டோம். தம் பாட்டியின் கல்லறைமுன் தலைகுனிவதைக் காட்டிலும் இது கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை என்றார். அவ்விடை எமக்குப் போதுமானதாயிருந்தது.

ஒரு மாலை புதிய மாணவன் ஒருவன் வந்தான். குத்துச்சண்டை பழகியவன் என்பது தோளிலேயே தெரிந்தது. அவன் அதை மறைக்கப் பாடுபட்டான். கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, மற்றவர்களைப்போல மென்மையாக நடிக்க முயன்றான். ஆசிரியர் சிறிது நேரம் பார்த்துவிட்டு அவனை நடுவே அழைத்து, உனக்குத் தெரிந்தபடி என்னைக் குத்து என்றார். அவன் தயங்கினான். மறுபடியும் சொன்னார். குத்தினான். அன்றைய வகுப்பு முழுவதும் அவனுடைய குத்தையே பாடமாக வைத்து நடந்தது. முழங்கை எப்போது நீள்கிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது, எந்தக் கணத்தில் அவன் தன்னையே ஒப்புக்கொடுக்கிறான் என்றெல்லாம் விளக்கினார். வகுப்பு முடிந்தபோது, அவ்விடத்தில் மிகவும் புதியவனான அவன்தான் மிகவும் பயன்பட்டவனாக இருந்தான். அருள் இயல்பை அழிப்பதில்லை என்று வகுப்பறையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பாயின்மேல் அதைக் கண்ட அன்றிரவு நாம் நன்றாக உறங்கினோம். மறுநாள் பேராசிரியரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எதையும் மறக்கவும் இல்லை.

உரோமைக்கு ஐகிடோ வேரூன்ற வந்த வழியும் இதே செய்தியைத்தான் சொல்கிறது. 1964இல் அங்கு வந்து கற்பித்த தாதா ஹிரோஷி, வசேதா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர். அங்கே ஃபுனகோஷியின் கராத்தேயைக் கற்றார். குடும்பத்தில் வழிவழியாக வந்த வில்வித்தையும் அவருக்கு அறிமுகம். 1950இல் உவேஷிபாவிடம் சேர்ந்தார். இவற்றோடு நாகமுரா தெம்பு என்பவரிடமும் பயின்றார் என்பதுதான் எம்மைத் திகைக்கவைத்த செய்தி.

நாகமுரா தெம்பு யார்? 1876இல் பிறந்தவர், காசநோயால் நலிந்து, மருந்து தேடி அமெரிக்காவும் ஐரோப்பாவும் அலைந்தவர். ஊர் திரும்பும் வழியில் எகிப்தில் இந்திய யோகி ஒருவரைச் சந்தித்து, அவரோடு இமயத்தில் கஞ்சன்ஜங்கா மலையடிவாரம் சென்று, அங்கே தவப்பயிற்சி பெற்று நலமடைந்ததாக அவரே கூறிவந்தார். ஜப்பானில் 1919 முதல் அவர் கற்பித்த மூச்சு, மனவொருமைப் பயிற்சிகளை அரசியலாளரும் வணிகரும் நாடிக் கற்றனர். அவர் சொன்ன இமயக் கதையின் நுணுக்கங்கள் எப்படியாயினும், யோகப் பயிற்சி ஒன்று அவர் வழியாக ஐகிடோவுக்குள் நுழைந்தது மெய். உள்ளம் முன்னே செல்ல, உடல் பின்தொடர்கிறது என்று கற்பிக்கும் ஓர் ஆசிரியரை உலகின் எந்த மூலையில் கண்டாலும், அவருக்கும் இமயத்துக்கும் இடையே ஒரு மெல்லிய நூல் ஓடக்கூடும்.

அந்த நூலை மிகத் தொலைவு கொண்டுசென்றவர் தோஹெய் கோயிச்சி. கெயோ பல்கலைக்கழகத்தில் ஜூடோ பயின்றபோது மார்புச் சவ்வு அழற்சியால் படுத்தார். எழுந்தபின் உடற்பயிற்சியைவிட மூச்சுப்பயிற்சியையும் தியானத்தையும் நாடினார். 1940இல் உவேஷிபாவிடம் வந்தார். போருக்குப் பின் தெம்புவிடமும் கற்றார். 1953இல் ஹவாய்த் தீவுகளுக்குச் சென்று கற்பித்தார். தலைமைப் பள்ளியின் முதன்மைப் பயிற்றுநரும் ஆனார். ஆனால் மூச்சையும் உள்ளாற்றலையும் நடுவில் வைத்துக் கற்பிக்கவேண்டும் என்று அவர் வலியுறுத்த, பள்ளியோ நிறுவனரின் மகன் கிஷோமாருவின் முறையில் செல்ல, 1974இல் விலகித் தனி அமைப்புக் கண்டார். தொமிகியை விலக்கியது ஜூடோ. தோஹெயை விலக்கியது தெம்புவின் கல்வி. முன்கல்வி செல்வமாவதுபோலப் பிளவுக்கு வித்தாவதும் உண்டு. இதை மறைப்பது முறையன்று.

மறைக்கக்கூடாத மற்றொன்றும் உண்டு. போருக்கு முந்திய ஆண்டுகளில் உவேஷிபா படைத்துறைப் பள்ளிகளிலும், உளவர்களை உருவாக்கிய நகனோ பள்ளியிலும் கற்பித்திருக்கிறார். இன்று அமைதியின் கலை என்று போற்றப்படுவதன் ஆசிரியர்களுள் பலர், மஞ்சூரியாவையும் சீனத்தையும் படைகொண்டு மிதித்த நாட்டின் இளைஞர்களாய் உருவானவர்கள். பள்ளிகளின் அறிமுகப் பட்டியலில் இது இடம்பெறுவது அரிது. உவேஷிபா 1942இல் பொறுப்புகளைத் துறந்து இவாமா என்னும் சிற்றூருக்குச் சென்று நிலம் உழுதார் என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான்.

அந்த இவாமாவில் அவருக்கு வாய்த்த மாணவர் சைத்தோ மொரிஹிரோ. கெண்டோ, கராத்தே, ஜூடோ எல்லாம் சிறிது சிறிது தெரிந்த கிராமத்து இளைஞர். 1946இல் வந்து சேர்ந்தார். வேலை இரயில்வேயில். இருபத்து நான்கு மணிநேரம் பணி, அடுத்த இருபத்து நான்கு மணிநேரம் ஓய்வு என்பது அவருடைய முறை. அந்த ஓய்வுநாள்களில் வயலிலும் பாயிலும் ஆசிரியரோடு இருந்தார். தோக்கியோ மாணவர்களுக்கு அவ்வப்போது மட்டும் கிடைத்த தடி, வாள் பயிற்சி முழுவதும் இவருக்குக் கிடைத்தது. காரணம் திறமை மட்டுமன்று. மற்றவர்கள் பிழைப்புத் தேடி விலகியபோது இவரால் காலையில் அங்கு இருக்க முடிந்தது. கால அட்டவணையும் ஒருவரின் பயிற்சிப் பின்னணிதான். 1969இல் ஆசிரியர் மறைந்த பின்னும், தம் இறுதி ஆண்டான 2002 வரை அங்கேயே இருந்து கற்பித்தார்.

இத்தகையோர் இன்று அருகிவிட்டனர். தலைமைப் பள்ளியில் இப்போது கற்பிப்பவர்களுள் பலர் பல்கலைக்கழக ஐகிடோ சங்கங்களிலே இக்கலையைத் தொடங்கியவர்கள். கலை சீராகியிருக்கிறது, அசைவுகள் ஒன்றுபோல் அழகாக இருக்கின்றன. நிஷியோ ஷோஜியைப்போல ஜூடோவும் கராத்தேயும் முடித்துவந்து, ஒவ்வொரு பிடியையும் வாளின் வெட்டோடு ஒப்பிட்டுக்காட்டிய ஆசிரியர் ஒருவரின் கரடுமுரடான செழுமையை அங்கே எதிர்பார்ப்பது கடினம். ஆனால் தூய்மை ஒரு பேறு என்று கருதுவோரும் உளர். அவர்களோடு நாம் வழக்காடப்போவதில்லை.

மொச்சிசுகியைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. அவர் 1951இல் பிரான்சுக்குச் சென்று கற்பித்தார். அங்கே மற்போர் வீரரும் பிறரும் அவரைச் சோதிக்க வந்தனர். ஐகிடோவின் நுட்பங்கள் மட்டும் போதாதபோது ஜூடோவையும் வாட்பயிற்சியையும் கொண்டு சமாளித்ததாக, நாடு திரும்பியதும் உவேஷிபாவிடமே உள்ளதை உள்ளபடி சொன்னார். உன் பேச்சு முழுவதும் வெல்வதும் தோற்பதுமாகவே இருக்கிறதே என்று ஆசிரியர் கடிந்துகொண்டாராம். இதை நேர்காணல் ஒன்றில் நினைவுகூர்ந்தவர் மொச்சிசுகியே. ஆசிரியர்மீது மனக்கசப்பு எதுவுமின்றிச் சொன்னார். ஆயினும் ஷிசுவோக்காவில் 1931இலேயே தாம் தொடங்கியிருந்த பள்ளியில், ஜூடோ, கராத்தே, வாள், ஐகிடோ அனைத்தையும் ஒரே பாயில் கற்பிப்பதை அவர் நிறுத்தவில்லை. முதுமையில் பிரான்சுக்கே சென்று தங்கி, 2003இல் அங்கேயே மறைந்தார்.